ஸ்வீடன் காட்டில் மூஸ் பார்க்கும் மாலை நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடனில் வெஸ்தெரோஸ் நகரத்தில் குடியிருக்கிறேன். கோடையில் சனிக்கிழமை தோறும் வடமேற்கே பெர்க்ஸ்லாகன் காட்டுப் பகுதியில் ஒரு வழிகாட்டி நடத்தும் மூஸ் நடைக்கு உதவியாகப் போவேன். அவர் வரிசையின் முன்னால் நடப்பார், நான் கடைசியில். யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்வது, இருமுகிறவருக்கு மிட்டாய் கொடுப்பது, பயந்தவரோடு நிற்பது, இவ்வளவுதான் என் வேலை.

ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள், ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், நார்வேயிலிருந்து வரும் ஈழத்துக் குடும்பங்கள் என்று எல்லாரும் போன் போட்டு ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

மூஸ்னா என்னக்கா, மானா மாடா?

மான்தான். உலகத்தில் இருக்கும் மான் இனங்களிலேயே பெரியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளாவைப் பார்த்திருப்பீர்கள், சிலர் கடமான் என்பார்கள். அதைவிட ஒன்றரை அடி கூடுதல் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் மூஸுக்குத் தோள் உயரமே 2 மீட்டர் வரை வரும், எடை 400, 500 கிலோ. ஆறடி ஆள் பக்கத்தில் நின்றால் திமிலுக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாது.

அழகான மிருகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒட்டகத்தின் மூக்கு, குதிரையின் உடம்பு, கொக்கின் கால். தாடைக்குக் கீழே ஆட்டுக்குத் தொங்குவது போல ஒரு தோல் வேறு. ஆனால் அந்த நீளக் காலால் சேற்றிலும் விழுந்து கிடக்கும் மரங்களுக்கு நடுவிலும் சத்தமே இல்லாமல் நடந்து வரும்போது அந்த நினைப்பெல்லாம் மறந்துவிடும்.

சிலர் எல்க்ங்கறாங்க, சிலர் மூஸ்ங்கறாங்க. ரெண்டும் ஒண்ணா?

ஐரோப்பாவில் ஒன்றுதான். பிரிட்டிஷ்காரர்கள் எல்க் என்று சொல்வதைத்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் மூஸ் என்கிறார்கள். குழப்பம் என்னவென்றால், அமெரிக்காவில் எல்க் என்றால் வாப்பிட்டி என்ற வேறொரு மான். ஸ்வீடன்காரர்களுக்கு இது 'எல்ய்'. மூஸ் என்பது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் சொல். மரத்தின் பட்டையையும் கிளையையும் உருவித் தின்பது என்ற பொருளில் வந்தது என்பார்கள். அது தின்பதை ஒருமுறை பார்த்தால் பேர் வைத்தவர்களைப் பாராட்டத் தோன்றும்.

ஏன் சாயங்காலம்தான் போகணும்? பகல்ல போனா வெளிச்சமா இருக்குமே?

வெளிச்சம் இருக்கும், மூஸ் இருக்காது. அதற்குச் சூடு ஆகாது. கோடை ரோமத்தில்கூட 14 டிகிரியைத் தாண்டினாலே அதற்குப் புழுங்க ஆரம்பித்துவிடும் என்கிறார்கள். நமக்குக் கம்பளி கேட்கும் குளிர் அது. பகல் முழுக்க அடர்ந்த ஸ்ப்ரூஸ் மர நிழலிலோ சதுப்பு ஓரத்திலோ படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். வெயில் தணிந்ததும் மேய வெளியே வரும். விடியற்காலையிலும் வரும்தான். ஆனால் ஜூன் மாதம் இங்கே விடிவது மூன்றரை மணிக்கு. எத்தனை பேர் எழுந்து வருவீர்கள்?

எந்த மாசம் வந்தா நல்லது?

நடை மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை. மே கடைசியிலும் ஜூனிலும் கன்று போடும் காலம், இரட்டைக் கன்றுகளும் சகஜம். போன வருடத்துக் கன்றைத் தாய் அப்போதுதான் துரத்தி விட்டிருக்கும். எங்கே போவதென்று தெரியாமல் அந்த ஒரு வயதுப் பிள்ளை திடல், சாலை, வீட்டுத் தோட்டம் எல்லா இடத்திலும் திருதிருவென்று நிற்கும். எனக்குப் பிடித்தது ஆகஸ்ட். கொசு குறைந்திருக்கும், ஆணுக்குக் கொம்பு முழுதாக வளர்ந்திருக்கும், சூரியன் எட்டரை ஒன்பதுக்குள் இறங்கிவிடும். ஜூனில் பத்தே கால் வரை சூரியனைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். ஜூலையில் அனல் அடிக்கும் வாரம் என்றால் தள்ளிப் போடுங்கள். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

செப்டம்பர் பின்பாதியில் இனச்சேர்க்கைக் காலம் தொடங்கும். அப்போது ஆண் மூஸ் குரல் கொடுக்கும், குளம்பால் குழி தோண்டி அதில் மூத்திரம் பெய்து புரளும். பார்க்க அபூர்வமான காட்சி. வாடை அதைவிட அபூர்வம்.

இடம் எங்க இருக்கு? ஸ்டாக்ஹோம்லேருந்து எப்படி வர்றது?

பெர்க்ஸ்லாகன் என்பது ஸ்டாக்ஹோமுக்கு வடமேற்கே உள்ள பழைய இரும்புச் சுரங்கப் பிரதேசம். உலைக்குக் கரி வேண்டி நூற்றாண்டுக் கணக்கில் மரம் வெட்டிய காடு, இப்போதும் மரத்தொழில் நடக்கிற காடு. நாங்கள் போவது ஷின்ஸ்காத்தெபெரி, ரித்தர்ஹிட்டன் பக்கம். ரயிலில் ஷோப்பிங் வரை வந்துவிட்டால் அங்கிருந்து வண்டியில் கூட்டிப்போவோம். ஆமாம், ஊர் பெயரே ஏறக்குறைய 'ஷாப்பிங்' மாதிரித்தான் ஒலிக்கும். சந்தை கூடும் ஊர் என்றுதான் அதற்கு அர்த்தமும்.

எவ்வளவு தூரம் நடக்கணும்? எனக்கு முட்டி வலி இருக்கு.

மூன்று, நான்கு கிலோமீட்டர்தான், அதுவும் நின்று நின்று. மேடு பெரிதாகக் கிடையாது. ஆனால் தார் ரோடு மாதிரி இருக்காது. கல், வேர், மெத்தை போல அமுங்கும் பாசி. முட்டிக்கு நடப்பதைவிட நிற்பதுதான் சிரமம். ஒரே இடத்தில் அசையாமல் அரை மணி நேரம் நிற்க வேண்டி வரும். மடக்கு ஸ்டூல் இருந்தால் கொண்டு வாருங்கள். மடக்கும்போது கிரீச்சிடாத ஸ்டூலாக இருக்கட்டும்.

கண்டிப்பா பார்த்துடுவோமா?

கண்டிப்பாக என்று யாராவது சொன்னால் அவர் கூட்டிப்போவது வேலி போட்ட பண்ணைக்கு. எங்கள் நடையில் பெரும்பாலான மாலைகளில் ஒன்றிரண்டையாவது பார்த்துவிடுகிறோம். ஒன்றுமே வராத மாலையும் உண்டு. அன்றைக்கும் தடம் பார்க்கலாம்: காளையின் குளம்படி போல, ஆனால் இன்னும் கூராகவும் நீளமாகவும் சேற்றில் பதிந்திருக்கும். புழுக்கை பார்க்கலாம். குளிர்காலத்துப் புழுக்கை ஆட்டுப் புழுக்கை மாதிரியேதான், அளவு மட்டும் நாவல்பழம். கோடையில் பச்சையாகத் தின்பதால் மாட்டுச்சாணி போல இளகிவிடும். அந்தக் காய்ந்த உருண்டையைப் புட்டியில் அடைத்து நினைவுப் பொருளாக விற்கிறார்கள் இங்கே. வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

நாம் காட்டுக்குள் அதைத் தேடி அலைவதில்லை. அது வெளியே வரும் நேரத்தில், வரும் இடத்துக்கு எதிரே, காற்று நம் முகத்தில் அடிக்கும் பக்கமாகப் போய் நிற்கிறோம். மீதி அதன் இஷ்டம்.

காட்டுப் பச்சை டிரெஸ்தான் போடணுமா?

நிறம் பெரிய விஷயமில்லை. மூஸுக்குக் கண் பார்வை சுமார்தான். சிவப்பையும் ஆரஞ்சையும் நம்மைப் போலப் பிரித்து அறியாது. வேட்டைக்காரர்களே ஆரஞ்சுப் பட்டை கட்டிய தொப்பி போடுகிறார்கள், ஒருவரை ஒருவர் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் அசைவை உடனே கண்டுபிடிக்கும். காது அதைவிடக் கூர்மை. இரண்டு காதையும் தனித்தனியாகத் திருப்பி, ஒன்று உங்கள் பக்கம், ஒன்று கன்றின் பக்கம் என்று வைத்துக்கொள்ளும்.

அதனால் துணியில் பார்க்க வேண்டியது சத்தம். நைலான் மழைக்கோட்டுதான் முதல் எதிரி, கையை அசைத்தாலே சரசரக்கும். கம்பளி, பருத்தி நல்லது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஆகஸ்டிலும் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள்.

சென்ட் அடிச்சா என்ன ஆகும்? தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

மூஸுக்கு எல்லாமே மூக்குதான். அந்தப் பெரிய மூக்கு சும்மா இல்லை. வழிகாட்டி சதுப்பில் பூத்திருக்கும் பருத்திப்புல்லிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சைக் கிள்ளிப் பறக்க விடுவார். நம் இலவம்பஞ்சு போலவே இருக்கும். அது எந்தப் பக்கம் மிதந்து போகிறதோ, அதற்கு எதிர்ப் பக்கம்தான் எங்கள் வழி. காற்று சரியாக இருந்தால் தேங்காய் எண்ணெய் ஒன்றும் செய்யாது. காற்று திரும்பிவிட்டால் குளித்துவிட்டு வந்தவரின் வாசனையும் தெரிந்துவிடும்.

ஒரு ஆகஸ்ட் மாலை, ஒரு பெண் மூஸ் அறுபது எழுபது மீட்டரில் நின்று வில்லோ மரக் கொப்பை வாயில் கவ்வி, தலையைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே உருவில் இலையெல்லாம் வாய்க்குள் போக வெறும் குச்சியை விட்டது. 'சர்ர்' என்று அந்தச் சத்தம்கூடக் கேட்டது. அடுத்த கொப்பு. மறுபடி சர்ர். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து தலைவலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்தார். அந்த நிமிடம் பார்த்துக் காற்றும் லேசாகச் சுழன்றது. அது மெல்லுவதை நிறுத்தியது. இலை ஒன்று உதட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. காது இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின. ஓடவில்லை, இரண்டு எட்டு வைத்து மரங்களுக்குள் போனது, அவ்வளவுதான். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே: தைலம், சென்ட், மல்லிகைப்பூ மூன்றும் வீட்டில்.

சாப்பாடு உண்டா? நாங்க சைவம். மூஸ் கறி போட்டுடுவாங்களோ?

நடைக்கு முன்னால் நெருப்பு மூட்டிச் சூப்பும் ரொட்டியும், கெட்டிலில் கொதிக்க வைத்த காப்பியும் உண்டு. சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். மூஸ் கறி எங்கள் நடையில் கிடையாது. வேறு சில இடங்களில் பரிமாறுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் கொண்டுவருகிற நொறுக்குத்தீனி பற்றி ஒரு வார்த்தை. முறுக்கு வேண்டாம். அமைதியான காட்டில் கைமுறுக்கைக் கடிக்கும் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று அனுபவித்தால்தான் தெரியும். அதிரசம், வாழைப்பழம், பேரீச்சம்பழம் சத்தமில்லாதவை.

ஆறு வயசுப் பையனைக் கூட்டிட்டு வரலாமா?

வயதைவிட முக்கியம், ஒரு மணி நேரம் கிசுகிசுத்துப் பேசிக்கொண்டே இருக்க முடியுமா என்பதுதான். சில பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாக இருப்பார்கள். ராத்திரி பதினொன்று ஆகிவிடும் என்பதையும் யோசியுங்கள். தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியது நீங்கள்தான்.

பாம்பு, ஓநாய், கரடி எல்லாம் இருக்குமா?

விஷப்பாம்பு ஸ்வீடனில் ஒரே வகை, விரியன் இனம். பூட்ஸ் போட்டால் கவலையில்லை, ராத்திரிக் குளிரில் அது வெளியே சுற்றுவதும் குறைவு. ஓநாய் இந்தப் பகுதியில் உண்டு. நாங்கள் பார்ப்பதெல்லாம் அதன் எச்சம்தான், அதுவும் எப்போதாவது. கரடி இங்கே மிக அரிது.

பயப்பட வேண்டியது உண்ணிக்கு. லைம் நோயும், மூளைக் காய்ச்சலும் அது மூலம் பரவும். மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. இங்கே குடியிருப்பவர்கள் போட்டுக்கொள்வது நல்லது. பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் இன்னொன்று வரும், மூஸ் ஈ. தட்டையான ஈ. உங்களை மூஸ் என்று நினைத்து வந்து உட்கார்ந்ததும், இனி எதற்கு என்று தன் சிறகை உதிர்த்துவிட்டுத் தலைமுடிக்குள் ஊரும். நசுக்கினாலும் சாகாது. தொப்பி போடுங்கள்.

மாதவிலக்கு நேரத்துல வரலாமா? வாசனைக்கு மிருகம் வந்துடாதா?

தாராளமாக வரலாம். நாம் பார்க்கப் போவது இலை தின்னும் மிருகம். அதற்கு மனித வாசனை என்றாலே விலகிப் போக வேண்டும், எந்த மனிதர், எந்த நாள் என்ற கணக்கில்லை. காட்டுக்குள் கழிப்பறை கிடையாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். கிளம்பும் இடத்தில் இருக்கிறது. என்னிடம் தயங்காமல் சொல்லுங்கள், நின்று போகலாம்.

அது நம்மள முட்டினா?

மூஸ் பொதுவாக விலகிப் போகிற மிருகம். மூன்று நிலைகளில்தான் ஆபத்து: கன்றோடு இருக்கும் தாய், இனச்சேர்க்கைக் கால ஆண், நாயைப் பார்த்த எந்த மூஸும். நாயை அது ஓநாயாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் நாய் கூடவே கூடாது. காதைப் பின்னால் மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்தால் நேரம் சரியில்லை என்று அர்த்தம். கொம்பைவிட முன்னங்கால் உதைதான் மோசம்.

அப்போது பேசாமல் பின்வாங்க வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் நின்றுவிடக் கூடாது. நிஜமாகவே பாய்ந்தால் ஓடி ஒரு தடித்த மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள். இத்தனை வருடத்தில் அப்படி ஓட வேண்டி வந்ததில்லை. பின்வாங்க வேண்டி வந்தது உண்டு.

போன்ல போட்டோ எடுக்கலாமா?

எடுக்கலாம். ஃபிளாஷும் ஒலியும் அணைத்து, திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு. ஆனால் அந்தி வெளிச்சத்தில் அறுபது மீட்டரில் நிற்கும் பழுப்பு மிருகம் போனில் ஒரு கறுப்புப் பொட்டாகத்தான் வரும். ஊருக்கு அனுப்பினால் 'எருமையா?' என்று பதில் வரும். பைனாகுலர் கொண்டு வாருங்கள், அதுதான் காசுக்குப் பிரயோஜனம்.

நாங்க பார்த்ததுக்குக் கொம்பே இல்ல. அது நிஜ மூஸ்தானா?

இந்தக் கேள்வியில் ஏமாற்றிவிட்டோமோ என்ற சந்தேகம் ஒலிக்கும். கொம்பு ஆணுக்கு மட்டும். அதுவும் குளிர்காலத்தில் உதிர்ந்து, வசந்தத்தில் மறுபடி முளைக்கும். கோடை முழுக்க மேலே மெத்தென்ற தோல் போர்த்தியிருக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அதை மரத்தில் தேய்த்து உரித்துவிடும். மே மாதம் வந்தால் ஆணுக்கும் மொட்டுக் கொம்புதான். உள்ளங்கை விரித்தது போன்ற கொம்பு வேண்டுமென்றால் செப்டம்பரில் வாருங்கள். இங்கே எல்லா ஆணுக்கும் அப்படி விரிவதில்லை, பலவற்றுக்குக் கிளைக் கொம்புதான்.

வெள்ளை மூஸ் இருக்காமே? குடிச்சுட்டு ஆடுமாமே?

வெள்ளை இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் இல்லை. நார்வே எல்லையோரம் வேர்ம்லாந்தில். 2017-ல் அங்கே ஏடா என்ற ஊர்ப் பக்கம் எடுத்த வீடியோதான் உலகம் சுற்றியது. குடிகார மூஸும் கட்டுக்கதை இல்லை: 2011-ல் கோத்தன்பர்குக்குத் தெற்கே சாரோவில் ஒரு மூஸ் ஆப்பிள் மரக் கவட்டையில் மாட்டிக்கொண்டு தீயணைப்புப் படை வந்து மீட்டது. புளித்த ஆப்பிள் தின்றதுதான் காரணம் என்றார்கள்.

ஸ்வீடன்ல யார் வேணா காட்டுக்குப் போகலாமே. வழிகாட்டிக்கு எதுக்குக் காசு?

உண்மை. 'அல்லெமான்ஸ்ரெத்தன்' என்று பெயர். அடுத்தவர் காட்டிலும் நடக்கலாம், பழம் பறிக்கலாம். 1994 முதல் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே, இதுதான் நிபந்தனை. நீங்களே போய்ப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

வழிகாட்டிக்குத் தெரிந்தது எந்தத் திடல் என்பது. மொத்தமாக மரம் வெட்டிய இடத்தில் சில வருடங்களில் பிர்ச், வில்லோ, ரோவன், பைன் கன்றுகளும் ஊதாப்பூச் செடியும் ஆளுயரத்துக்கு முளைக்கும். அந்த வயதுத் திடல்தான் மூஸுக்குப் பந்தி. இன்னும் வளர்ந்துவிட்டால் வாய்க்கு எட்டாது. போன வருடத்து நல்ல இடம் இந்த வருடம் பாழ். அதோடு, தென்மேற்குக் காற்று அடித்தால் எந்தப் பக்கப் பாதை, வடக்குக் காற்றுக்கு எது என்று அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

அக்டோபர்ல இதே மூஸைச் சுடறாங்க. இப்போ வேடிக்கை காட்டறது போலித்தனம் இல்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் திடல் ஓரத்தில் மரத்தால் கட்டிய பரண் ஒன்று நிற்கும். அது பறவை பார்க்க இல்லை. வேட்டை வடக்கே செப்டம்பரிலும் எங்கள் பக்கம் அக்டோபரிலும் தொடங்கும். நாடு முழுக்க வருடத்துக்குப் பல்லாயிரம் விழும். முன்னே நடக்கும் எங்கள் வழிகாட்டியே இலையுதிர்காலத்தில் துப்பாக்கியோடு அந்தப் பரணில் ஏறுவார். மறைப்பதில்லை.

கணக்கு இப்படி. மொத்தமாக வெட்டி நடும் காட்டுத்தொழில் பரவியதும் தீனி பெருகி மூஸ் பெருகியது. 1982-ல் மட்டும் 1,70,000-க்கு மேல் சுட்டார்கள், அவ்வளவு எண்ணிக்கை. ஓநாய் குறைவு. விட்டுவிட்டால் பைன் குருத்தெல்லாம் போகும் என்று மர முதலாளிகள், சாலை விபத்து கூடும் என்று மற்றவர்கள். தாய்க்கு முன்னால் கன்றைத்தான் சுட வேண்டும், கன்று அநாதையாகக் கூடாது என்பது வேட்டைக்காரர்கள் ஒழுங்கு. நியாயம் புரிகிறது. ஆனாலும் ஜூனில் இரட்டைக் கன்றோடு பார்த்த தாயை நவம்பரில் ஒற்றைக் கன்றோடு பார்க்கும்போது எனக்குத் தொண்டையை அடைக்கத்தான் செய்கிறது. வழிகாட்டியிடம் சொன்னேன். தனக்கும் அப்படித்தான் என்றார்.

நாம போறதே அதுக்குத் தொந்தரவுதானே?

கொஞ்சம் தொந்தரவுதான். அதனால்தான் பத்துப் பேருக்கு மேல் கூட்டிப்போவதில்லை, ஒரே திடலுக்கு அடுத்தடுத்த நாள் போவதில்லை. அது தலையைத் தூக்கினால் நிற்கிறோம். மறுபடி மேய ஆரம்பித்தால்தான் அசைவோம். விலகிப் போனால் பின்தொடர மாட்டோம், துரத்துவது இங்கே சட்டப்படியும் குற்றம். ட்ரோன் கொண்டு வருகிறேன் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். மூஸை நெருக்கத்தில் தொட்டே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மூஸ் பண்ணைகள் இருக்கின்றன. அது தப்பில்லை, ஆனால் வேறு விஷயம்.

நடை முடிஞ்சு ராத்திரி நாங்களே கார் ஓட்டிட்டுப் போகலாமா?

போகலாம், மெதுவாக. காட்டில் இருந்ததைவிடப் பெரிய ஆபத்து அந்தச் சாலையில்தான். மூஸின் கால் நீளம் என்பதால் கார் முன்பக்கம் காலைத் தட்டும், நானூறு கிலோ உடம்பு கண்ணாடிக்கு வரும். இங்கே புதுக் காரை 'மூஸ் டெஸ்ட்' என்று சட்டெனத் திருப்பிப் பார்ப்பது அதற்காகத்தான். 1997-ல் ஒரு ஜெர்மன் கார் அந்தச் சோதனையில் கவிழ்ந்து உலகச் செய்தியானது. மஞ்சள் பலகையில் மூஸ் படம் பார்த்தால் அழகென்று போட்டோ எடுக்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

மோதிவிட்டால், மிருகம் ஓடிப்போயிருந்தாலும், 112-க்கு அழைத்துச் சொல்வது கட்டாயம். அந்த இடத்தில் ஒரு துணியையோ பையையோ கட்டி அடையாளம் வைக்க வேண்டும். காயம்பட்டதைத் தேட ஆள் வருவார்கள். அப்புறம், ஒன்று சாலையைக் கடந்துவிட்டது என்று உடனே ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். கன்று பின்னால் வரும். அதற்குப் பின்னால் இன்னொரு கன்றும் வரலாம்.